சுவரில் மாட்டிய மலையும் கடலும்: லேண்ட்ஸ்கேப் பிரிண்ட்களோடு சில ஆண்டுகள்

எங்கள் வீட்டு ஹாலில் அவலாஞ்சி ஏரியின் கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. படுக்கையறையில் தென்காசிப் பக்கத்து நெல்வயல். ஆபீஸ் வரவேற்பறையில் தனுஷ்கோடி. மூன்றையும் அவற்றை எடுத்த புகைப்படக்காரர்களிடமே நேரடியாக வாங்கினேன். கடற்கரைக்குப் பக்கத்தில், சென்னையில் குடியிருக்கிறோம். மழைக்காலங்கள் பல போனபின் சொல்கிறேன்: நம் ஊரில் ஒரு பிரிண்ட் நிலைப்பதும் பாழாவதும் காகிதம், மை, ஃபிரேம், மாட்டும் சுவர் ஆகியவற்றைப் பொறுத்ததுதான்.

அவலாஞ்சி படம் ஹானமூலே நிறுவனத்தின் 308 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 308 கிராம் எடை) பருத்திக் காகிதத்தில் அச்சானது. 1584 முதல் காகிதம் செய்துவரும் ஜெர்மன் ஆலை அது. மேற்பரப்பில் பளபளப்பு கிடையாது. பளபள காகிதத்தில் கிடைக்கும் அளவுக்குக் கறுப்பு அடர்த்தியாக வராது என்பது உண்மை. ஆனால் பக்கத்தில் போய்ப் பாருங்கள். கரையோரச் சோலையின் இருட்டுக்குள் ஒவ்வொரு மரமும் தனித்தனியாகத் தெரிகிறது. மூடுபனி இறங்கும் இடத்தில் சாம்பல் நிறம் எங்கே முடிந்து வெள்ளை எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பிடிக்க முடியவில்லை. மை பிக்மென்ட் வகை, அதாவது நுண்ணிய நிறத்துகள்கள் கொண்டது. வாங்கும்போது இதை மட்டும் கட்டாயம் கேட்டுவிடுங்கள், ஏனென்றால் சாய மை நம் வீட்டு வெளிச்சத்துக்கு அவ்வளவு தாக்குப்பிடிக்காது. ஹால் படத்தில் இதுவரை வெளுப்பே இல்லை. ஜன்னல் வெயில் நேராகப் படாத சுவர் என்பதும் ஒரு காரணம்.

தென்காசிப் படம்தான் பாடாய்ப் படுத்தியது. தென்மேற்குப் பருவக்காற்றில் மேகம் மலையை மூடியிருக்க, கீழே நாற்று நட்ட வயலில் தண்ணீர் மின்னும் காட்சி. பாதிப் பளபளப்புள்ள போட்டோ பேப்பரில் புகைப்படக்காரர் அச்சிட்டுக் கொடுத்திருந்தார். ஃபிரேம் போட்ட கடையில் மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை) வைக்காமல் கண்ணாடியைப் படத்தின் மேலேயே அழுத்திவிட்டார்கள். ஐப்பசி அடைமழையில் மேகப் பகுதியில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரத் திட்டு போல ஒன்று தெரிந்தது. காகிதத்தின் மேற்பூச்சு ஈரம் வாங்கி இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரித்தால் மை கண்ணாடியோடு வந்துவிடும். வேறு வழியில்லாமல் மறு பிரிண்ட்தான் போட வேண்டியதாயிற்று.

இரண்டாவது தடவை வேறொரு ஃபிரேம்காரரிடம் கொடுத்தேன். அவர் வேலை செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அமிலமில்லாத மவுண்ட் அட்டையைச் சாய்வாக வெட்டி, கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் இடைவெளி விட்டார். படத்தின் மேல் விளிம்பை மட்டும் இரண்டு இடத்தில் காகித டேப்பால் பிடித்துத் தொங்கவிட்டார். “நாலு பக்கமும் ஒட்டினா மழைக்குக் காகிதம் விரியும்போது அலை அலையா எழும்பிடும் சார்” என்றார். பின்பக்கம் முழுக்க டேப் போட்டு அடைத்தார். ராமபாணப் பூச்சி நுழையாமல் இருக்கத்தான் அது. கடைசியாகக் கீழ் மூலைகளில் இரண்டு ரப்பர் துண்டுகளை ஒட்டினார். ஃபிரேம் சுவரை விட்டுச் சற்றே தள்ளி நிற்பதால் பின்னால் காற்று ஓடுகிறது, ஓதம் ஏறுவதில்லை. பிரிண்ட்டுக்குக் கொடுத்ததைவிட ஃபிரேமுக்கு அதிகம் ஆனது. ஆகட்டும், படம் இன்றுவரை போட்டது போட்டபடி இருக்கிறது. மழை ஒழுகும் வெளிச்சுவரிலும் குளியலறையை ஒட்டிய சுவரிலும் மட்டும் எந்தப் படத்தையும் மாட்டாதீர்கள்.

ஆபீஸுக்கு அலுமினியத் தகட்டில் பிரிண்ட். சுமார் 200 டிகிரி சூட்டில் சாயத்தை ஆவியாக்கித் தகட்டின் பூச்சுக்குள் இறக்கும் முறை. கண்ணாடியே தேவையில்லை, ஈரத்துணியால் துடைக்கலாம், ஏசியை நிறுத்திப் போடுவதால் வரும் ஈரமும் ஒன்றும் செய்யவில்லை. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தேவாலயத்தின் சுவர்கள் இடதோரம், மீதி முழுக்க மணலும் கடலும். பார்க்க வருகிறவர்கள் உட்காராமல் அதன் முன்னால் போய் நிற்கிறார்கள். அப்பா காலத்துப் புயல் கதை ஒன்றை யாராவது தொடங்கிவிடுகிறார்கள். ஒரு குறை உண்டு. பளபளப்பான பூச்சு என்பதால் எதிரே உள்ள ட்யூப்லைட் வானத்தில் கோடாக விழுந்தது. பக்கச் சுவருக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. ஆபீஸுக்கு வாங்குவதானால் பளபளப்பில்லாத மேட் பூச்சையே கேளுங்கள்.

அளவு பற்றிப் பலர் கேட்கிறார்கள். 24 மெகாபிக்ஸல் படத்தில் 6000 க்கு 4000 புள்ளிகள் இருக்கும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்குப் போட்டால் 20 அங்குல அகலம். சோபாவுக்கு மேலே மாட்டி நாலைந்து அடி தள்ளிப் பார்க்கும் படத்துக்கு 150 போதும், 40 அங்குலம் வரை தாராளமாகப் போகலாம். போன் திரையில் பார்த்த வெளிச்சம் காகிதத்தில் வராது என்பதால் முதலில் சின்னத் துண்டு ஒன்றை அச்சிட்டு, மாட்டப்போகும் சுவரிலேயே வைத்துப் பாருங்கள். உயரமும் முக்கியம். சாமி படம், தாத்தா படம் மாட்டிய பழக்கத்தில் நிலைவாசலுக்கு மேலே ஏற்றிவிடுகிறோம். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டரில் இருந்தால் நிற்கிறவருக்குக் கண் நேராகப் பதியும்.

எந்த மாதிரிப் படம் சலிக்காது? என் அனுபவத்தில் அமைதியான படம்தான். செக்கச்செவேல் என்ற கன்னியாகுமரி அஸ்தமனம் ஒன்றும் வாங்கியிருந்தேன். முதல் மாதம் எல்லோரும் அதைத்தான் புகழ்ந்தார்கள். அப்புறம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, நானும்தான். அதைத் தம்பி கேட்டான், கொடுத்துவிட்டேன். அந்த இடத்துக்கு இப்போது பிச்சாவரத்தின் அலையாத்தி வேர்கள் கேட்டிருக்கிறேன், பருத்திக் காகிதத்தில், மவுண்ட்டோடு.