‘வெங்காயம் இல்லை’ என்று சொல்லி விற்ற நாய்ச் சாப்பாடு: சென்னையில் நாய் வளர்ப்பவர்கள் கவனிக்கவும்

நாய்க்கு வீட்டு முறையில் சமைத்து, டப்பாவில் அடைத்து, வாசலுக்கே கொண்டுவந்து தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் செய்பவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். எல்லோரும் மோசம் என்று சொல்லவில்லை. எனக்கு விற்றவர் பொய் சொல்லி விற்றார். அதைத்தான் சொல்ல வந்தேன்.

டப்பாவில் ஒட்டியிருந்த சீட்டில் கோழி, சோறு, கேரட், பூசணி, மஞ்சள் என்று மட்டும்தான் இருந்தது. வெங்காயம், பூண்டு போடுவீர்களா என்று போனில் நான் கேட்டதற்கு, “அய்யோ மேடம், நாய்க்கு யாராவது அதைப் போடுவாங்களா?” என்றார்.

எங்கள் மணி நாட்டு நாய், 12 கிலோ. காலையும் மாலையும் இந்தச் சாப்பாடுதான். சில வாரங்களில் படியேறவே மூச்சு வாங்கினான். ஈறு வெளிறிப்போய், மூத்திரம் காப்பி நிறத்தில் வந்தது. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். சிவப்பணுக்கள் உடைந்துகொண்டிருந்தன. அவர் கேட்ட முதல் கேள்வியே, “வெங்காயம் ஏதாவது சாப்பிட்டானா?” என்பதுதான்.

வெங்காயத்தில் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வதக்கினாலும் பொடியாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. சின்ன வெங்காயம், வெங்காயத்தாள், பூண்டு எல்லாமே இதே வகைதான். உடல் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் ஒரே வேளையில் உள்ளே போனாலே ஆபத்து. மணியின் எடைக்கு அது 60 கிராம், ஒரு நடுத்தர வெங்காயம்கூட இல்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் சேர்ந்து பாதிக்கும். சாப்பிட்ட அன்றே தெரியாது, சில நாள் கழித்துத்தான் காட்டும். அதனால்தான் பலர் சாப்பாட்டைச் சந்தேகிப்பதே இல்லை.

விற்றவரிடம் நேரில் போய்க் கேட்டேன். அவர் கேட்டரிங் தொழிலும் செய்கிறாராம். மனிதர்களுக்கு வெங்காயம் வதக்கும் அண்டாவிலிருந்தே நாய்ச் சாப்பாட்டுக்கும் மசாலா எடுக்கிறார்கள். “இல்லேன்னா கவிச்சி அடிக்கும் மேடம், கொஞ்சந்தான் போடுறோம்” என்றார், கூச்சமே இல்லாமல். பணத்தைத் திருப்பித் தரவில்லை. அவருடைய பட்டியலில் நாய்களுக்கான பிறந்தநாள் கேக்கும் இருக்கிறது. அதில் உலர்திராட்சை! திராட்சை நாயின் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யும். இதைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

டப்பாவில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) தரும் உரிம எண்ணைப் பெரிதாகப் போட்டு, அரசு அங்கீகாரம் என்கிறார்கள். அதைப் பார்த்து நம்பாதீர்கள். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் மனிதர் உண்ணும் உணவுக்கானது. விலங்குகளுக்கான தீவனம் அதில் வராது. அந்த எண் கேட்டரிங்குக்கு வாங்கியது. நாய் சாப்பிடத் தகுந்ததா என்று அதை வைத்து யாரும் சோதிக்கவில்லை.

இன்னொரு பொய், ‘முழுமையான சத்துணவு’ என்ற வாசகம். எலும்பில்லாத கோழியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. அதையும் சோற்றையும் மட்டுமே மாதக்கணக்கில் போட்டால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவிக்கொள்ளும். குட்டிகளுக்கு இது இன்னும் மோசம், கால் வளைந்துவிடும். அதற்காகக் கடைக்காரர் சொல்லும் கால்சியம் டானிக்கை ஊற்றிவிடவும் கூடாது. பெரிய இனக் குட்டிகளுக்குக் கால்சியம் மிஞ்சினாலும் எலும்பு கெடும். அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். சமைத்து விற்பவரிடம் கால்சியத்துக்கு என்ன சேர்க்கிறீர்கள், எத்தனை கிராம் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்க வேண்டாம்.

மணி இப்போது தேறி வருகிறான். மிச்சமிருந்த டப்பா ஃப்ரீசரில் இருக்கிறது. பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, ரத்தப் பரிசோதனை அறிக்கை எல்லாவற்றையும் எடுத்து வைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். இப்படி டப்பாச் சாப்பாடு வாங்குபவர்கள் இன்றைக்கே நாயின் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளிறியிருந்தால், அந்த டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.