நான்கு புதுத் தொடர்கள், ஒரே சேனல்: 2006 இலையுதிர் பருவ அலசல்

அமெரிக்காவில் செப்டம்பர் பிறந்துவிட்டால் தொலைக்காட்சியில் புதுத் தொடர்கள் வரிசையாக வந்து இறங்கும். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, என்ன வரப்போகிறது என்பதை மே மாதமே நியூயார்க்கில் விளம்பரதாரர்களைக் கூட்டி வைத்துச் சொல்லிவிடுவார்கள். புதுத் தொடருக்கு அப்போதெல்லாம் வழக்கமாக முதலில் 13 எபிசோட்தான் ஆர்டர். எடுபட்டால் இன்னும் ஒன்பது சேர்த்து 22 ஆக்குவார்கள். எடுபடவில்லை என்றால் மூன்று நான்கு வாரத்திலேயே தூக்கிவிடுவார்கள். வாரம் ஒரு எபிசோட்தான் என்பதால், ஒரு தொடருக்குத் தன்னை நிரூபிக்க மொத்தமாகக் கிடைப்பதே சில மணி நேரம்தான்.

இப்படிப்பட்ட பருவங்களில் என் மனசுக்கு மிக நெருக்கமானது 2006. அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான என்பிசி நன்றாக அடிவாங்கியிருந்த நேரம் அது. நான்கு பெரிய நெட்வொர்க்குகளில் நான்காவது இடம். 'ஃப்ரெண்ட்ஸ்' 2004-லேயே முடிந்துவிட்டது. 'தி வெஸ்ட் விங்' 2006 மே மாதம் விடைபெற்றது. எழுந்து நிற்க ஏதாவது ஒன்று பிடிபட்டாக வேண்டும். அந்த இலையுதிர் காலத்தில் அவர்கள் இறக்கிய புதுத் தொடர்களில் நான்கை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்: 'ஹீரோஸ்', 'ஸ்டுடியோ 60 ஆன் தி சன்செட் ஸ்ட்ரிப்', 'ஃப்ரைடே நைட் லைட்ஸ்', '30 ராக்'. நான்கின் முதல் சீசனையும் அண்மையில் மறுபடி முழுசாகப் பார்த்து முடித்தேன்.

முதல் நாள் கூட்டத்தை வைத்துப் பார்த்தால் 'ஹீரோஸ்' சுமார் 1 கோடியே 40 லட்சம் பேர், 'ஸ்டுடியோ 60' சுமார் 1 கோடியே 30 லட்சம், '30 ராக்' சுமார் 80 லட்சம், 'ஃப்ரைடே நைட் லைட்ஸ்' சுமார் 70 லட்சம். என் வரிசையை எழுதிப் பார்த்தேன். இதே பட்டியல், அப்படியே தலைகீழாக வந்தது.

'ஹீரோஸ்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உலகின் வெவ்வேறு மூலைகளில் இருக்கும் சாதாரண மனிதர்களுக்கு அதிசய சக்தி வருகிறது. டோக்கியோ அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் ஹீரோ நாகமுரா கண்ணை இறுக்கி மூச்சைப் பிடித்துக் கடிகார முள்ளோடு மல்லுக்கட்டுகிறானே, அந்த ஒரு காட்சி போதும், தொடர் பிடித்துப்போகும். மாசி ஓகாவின் முகத்தில் அப்படி ஒரு குழந்தை மகிழ்ச்சி. நம் ஆட்கள் ஆர்வத்தோடு பார்க்க இன்னொரு காரணமும் இருந்தது. கதையை எடுத்துச் சொல்லும் மோகிந்தர் சுரேஷ் சென்னையிலிருந்து புறப்படும் மரபியல் பேராசிரியர், நடித்தவர் செந்தில் ராமமூர்த்தி. ஆனால் அந்தத் தொடர் ஓடியது மனிதர்களால் இல்லை, முடிச்சுகளால். ஒவ்வொரு வாரமும் கடைசி நிமிடத்தில் ஒரு முடிச்சு. நியூயார்க் வெடிக்குமா வெடிக்காதா என்று ஒரு வருடம் காத்திருந்தவர்களுக்கு 2007 மே மாதம் கிடைத்த பதில் அவசர அவசரமாக முடிந்துபோனது. முடிச்சு அவிழ்ந்தபின் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. இரண்டாவது சீசன் சரியில்லை என்று தொடரை உருவாக்கிய டிம் கிரிங்கே பேட்டியில் வருத்தம் தெரிவித்தார். நான்கு சீசனோடு 2010-ல் நின்றது.

இனி உண்மையான போட்டிக்கு வருவோம். ஒரே நெட்வொர்க், ஒரே பருவத்தில், ஒரே கருவில் இரண்டு தொடர்களை எடுத்தது. வாராவாரம் நேரலையில் வரும் நகைச்சுவை நிகழ்ச்சி, அதன் திரைக்குப் பின்னால் நடக்கும் கூத்து. இதுதான் 'ஸ்டுடியோ 60', இதேதான் '30 ராக்'. முன்னது லாஸ் ஏஞ்சலஸில், ஒரு மணி நேர நாடகம். பின்னது நியூயார்க்கில், அரை மணி நேர நகைச்சுவை.

அந்த செப்டம்பரில் யாரைக் கேட்டிருந்தாலும் 'ஸ்டுடியோ 60'தான் ஜெயிக்கும் என்றிருப்பார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். எழுதியவர் ஆரன் சோர்கின், இயக்கியவர் தாமஸ் ஷ்லாமி. 'தி வெஸ்ட் விங்' தந்த அதே ஜோடி. நடிக்க மேத்யூ பெர்ரி, பிராட்லி விட்ஃபோர்ட், அமாண்டா பீட், சாரா பால்சன். பைலட், அதாவது முதல் எபிசோட், இன்றைக்குப் பார்த்தாலும் நிமிர்ந்து உட்கார வைக்கிறது. நேரலை தொடங்குவதற்குச் சற்று முன் நல்ல ஸ்கிட் (குட்டி நகைச்சுவை நாடகம்) ஒன்றைத் தூக்கச் சொல்கிறது நிர்வாகம். மூத்த தயாரிப்பாளர் வெஸ் மெண்டல், அதாவது ஜட் ஹிர்ஷ், நிகழ்ச்சியின் நடுவே மேடை ஏறி, கேமராவைப் பார்த்து, தொலைக்காட்சி எப்படிக் கெட்டுப்போனது என்று கொட்டித் தீர்க்கிறார். கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் 'நிறுத்து, நிறுத்து' என்று கத்துகிறார். இயக்குநர் நிறுத்தாமல் விடுகிறார். அந்தச் சில நொடிகளில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த பைலட் இதுதான், இன்றும் அப்படியே சொல்வேன்.

சிக்கல் அடுத்த வாரமே தொடங்கியது. நீக்கப்பட்ட அந்த ஸ்கிட் பிரமாதமானது, துணிச்சலானது, நாட்டையே உலுக்கப்போகிறது என்று இரண்டு எபிசோட் முழுக்கப் பேசுகிறார்கள். அதை நமக்குக் கடைசிவரை காட்டவே இல்லை. காட்டிய ஸ்கிட்களோ சிரிப்பை வரவழைக்கவில்லை. நிகழ்ச்சியின் நட்சத்திர நடிகை ஹாரியட், அதாவது சாரா பால்சன், மேடையில் ஏதாவது செய்தால் உடனே பக்கத்தில் நிற்பவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அவள் எப்பேர்ப்பட்ட திறமைசாலி என்று யாராவது வசனம் பேசுகிறார்கள். சமையல் ருசியா இல்லையா என்பதைச் சாப்பிடுகிறவன்தானே சொல்ல வேண்டும்? பரிமாறுகிறவரே மூச்சுவிடாமல் புகழ்ந்துகொண்டிருந்தால் இலையில் கை வைக்கவே தோன்றாது.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னால் பொறுக்க முடியாமல் போனது வேறொன்று. நடிகர்களில் ஒருவனான டாமின் பெற்றோர் ஒஹாயோவிலிருந்து அவனைப் பார்க்க வருகிறார்கள். அவனுடைய தம்பி ஆப்கானிஸ்தானில் ராணுவத்தில் இருக்கிறான். அந்த அரங்கின் வரலாற்றை டாம் ஆசை ஆசையாகச் சொல்லிக்கொண்டே போகிறான். அமெரிக்க நகைச்சுவையில் எல்லோருக்கும் தெரிந்த, அபட் - காஸ்டெல்லோ ஜோடியின் பேஸ்பால் வசனத்தைக்கூட அவர்கள் கேள்விப்பட்டதில்லை என்று காட்டுகிறார்கள். பழைய தலைமுறை, ஒஹாயோக்காரர்கள், அவர்களுக்கா தெரியாது? சிற்றூர் ஆட்கள் என்றால் ஒன்றும் தெரியாதவர்கள் என்று எழுதுகிறவர் முன்பே முடிவு கட்டிவிட்டது அந்தக் காட்சியில் அப்பட்டமாகத் தெரிகிறது. தம்பி போர்முனையில் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று வெடிக்கும் அப்பாவின் கோபத்தில் இருக்கும் நியாயத்துக்கு அங்கே இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம். திங்கட்கிழமை இரவு பத்து மணிக்கு டிவி முன்னால் உட்காரப்போகிறவர்கள் அந்தப் பெற்றோரைப் போன்றவர்கள்தானே? ஒன்பது மணிக்கு 'ஹீரோஸ்' சேர்த்து வைத்த கூட்டம் பத்து மணிக்குக் கரைந்தது. பிப்ரவரியில் தொடரை நிறுத்தி வைத்தார்கள். மிச்சத்தை மே, ஜூனில் ஒளிபரப்பி, 22 எபிசோடோடு கடையைக் கட்டினார்கள். சோர்கினின் எழுத்தை நேசிக்கிற எனக்கு இதைச் சொல்லும்போது வலிக்கத்தான் செய்கிறது.

'30 ராக்' வந்ததோ அக்டோபர் 11, புதன்கிழமை எட்டு மணிக்கு. கூடவே இறங்கிய 'ட்வென்டி குட் இயர்ஸ்' நான்கே எபிசோடில் காலி. இதுவும் கிறிஸ்துமஸைத் தாண்டாது என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால் தொடரை உருவாக்கிய டீனா ஃபே அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர். 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற என்பிசியின் நேரலை நகைச்சுவை நிகழ்ச்சியின் தலைமை எழுத்தாளராக வருடக்கணக்கில் இருந்தவர். என்பிசியின் கட்டட முகவரியையே தொடருக்குப் பெயராக வைத்தார்.

தொடங்கும் காட்சியைப் பாருங்கள். கதையில் வரும் நிகழ்ச்சியின் தலைமை எழுத்தாளர் லிஸ் லெமன், அதாவது ஃபே, தெருவோர ஹாட் டாக் வண்டி முன் வரிசையில் நிற்கிறாள். ஒருவன் குறுக்கே புகுந்து பக்கத்தில் தனி வரிசை போடுகிறான். கேட்டால் திமிராகப் பேசுகிறான். ஒழுங்காக நின்றவர்களுக்கு மட்டும்தான் கிடைக்க வேண்டும் என்று வண்டியில் இருந்த அத்தனை ஹாட் டாக்கையும் லிஸ் விலைக்கு வாங்கிவிடுகிறாள். பெட்டியைச் சுமந்துகொண்டு அலுவலகம் போகிறாள், வழியில் எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டே. ஒரு வசன விளக்கமும் இல்லாமல் இவள் யார் என்பது நமக்குப் புரிந்துவிட்டது. நியாயம் என்றால் பிடிவாதம், அந்தப் பிடிவாதத்தால் தனக்கே தலைவலி.

அப்புறம் ஜாக் டொனகி. அலெக் பால்ட்வின் வந்து நின்றாலே காட்சிக்குக் களை வந்துவிடுகிறது. அப்போது என்பிசியின் முதலாளி ஜெனரல் எலக்ட்ரிக். அந்தக் கம்பெனியிலிருந்து டிவிக்கும் மைக்ரோவேவ் அடுப்புக்கும் சேர்த்து ஒரே அதிகாரியாக அவர் வருகிறார். லிஸ்ஸைப் பார்த்த மாத்திரத்தில் அவள் ஜாதகத்தையே புட்டுப்புட்டு வைக்கிறார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பின்னல் வேலை தொடங்கி ஒரே வாரத்தில் விட்டுவிடுவாய் என்பதுவரை சொல்கிறார். அது உண்மையும்கூட. 'ஸ்டுடியோ 60'-ல் நிர்வாகிகள் கலையின் எதிரிகள், அல்லது கலையைக் காக்க வந்த தேவதைகள். இங்கே ஜாக் பணத்தையே நினைக்கும் ஆள், ஆனால் புத்திசாலி, பல நேரம் லிஸ்ஸைவிட விவரமானவர். இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே ஒருவரையொருவர் மதிக்கத் தொடங்குகிறார்கள். அந்த நட்புதான் ஏழு சீசனைத் தாங்கியது. அவர்கள் தயாரிக்கும் ஸ்கிட்கள் மட்டமானவை. அப்படி இல்லை என்று தொடர் ஒருபோதும் சாதிக்கவில்லை. அதனாலேயே நம்மால் மனம்விட்டுச் சிரிக்க முடிகிறது.

முதல் ஆறு எபிசோட் தடுமாற்றம்தான், மறைக்க வேண்டியதில்லை. லிஸ்ஸின் நிகழ்ச்சியில் நடிக்கும் நட்சத்திரம் ட்ரேசி ஜோர்டன், கொனான் ஓ'பிரையனின் இரவு நேர பேட்டி நிகழ்ச்சிக்குப் போகும் ஏழாவது எபிசோடில் எல்லாம் ஒன்றாகக் கூடி வருகிறது. அந்த வேகம், ஒரு நொடியில் வந்து போகும் நகைச்சுவைகள், ஓடிக்கொண்டே இருக்கும் கேமரா, எல்லாம் அங்கிருந்துதான். 2007, 2008, 2009 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி, அமெரிக்கத் தொலைக்காட்சியின் பெரிய விருது. 138 எபிசோட், 2013 ஜனவரி வரை. நடுவில் 2011-ல் ஆரன் சோர்கினே ஒரு எபிசோடில் சோர்கினாகவே வந்து, லிஸ்ஸோடு நடந்துகொண்டே பேசி, தன் பழைய தொடரைக் குத்திக்காட்டும் வசனத்தையும் ஏற்று நடித்துவிட்டுப் போனார். அந்தப் பெருந்தன்மைக்காக அவர்மீது எனக்கு இன்னும் மதிப்பு கூடியது.

சரி, முதலிடத்துக்கு வருவோம். 'ஃப்ரைடே நைட் லைட்ஸ்' என்ற பெயரைக் கேட்டதும் அமெரிக்கக் கால்பந்து நமக்கெதற்கு என்று நானும் ஒதுங்கியிருந்தேன். விதிகள் இன்றும் எனக்குப் பாதிதான் புரியும். தேவையும் இல்லை. டெக்சஸில் டில்லன் என்று ஒரு கற்பனைச் சிற்றூர். வெள்ளி இரவு பள்ளிக்கூட ஆட்டம் என்றால் ஊரே மைதானத்தில். பைலட்டின் ஆட்டத்தில் நட்சத்திர வீரன் ஜேசன் ஸ்ட்ரீட் அடிபட்டு எழ முடியாமல் விழுகிறான். இனி நடக்கவே முடியாது. அவன் இடத்துக்கு வருபவன் மேட் சராசன். அப்பா இராக்கில் ராணுவத்தில். வீட்டில் நினைவு தப்பிக்கொண்டிருக்கும் பாட்டி. பாட்டியைப் பார்த்துக்கொள்வது இந்தப் பையன்தான்.

எடுத்த விதமே வேறு. செட் போடாமல் ஆஸ்டின் பகுதியில் உண்மையான வீடுகளிலும் தெருக்களிலும் எடுத்தார்கள். ஒத்திகை இல்லை. நடிகர்கள் எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் குறி போடவில்லை. மூன்று கேமராக்கள் ஒரே நேரத்தில் அவர்கள் பின்னால் போகும். அதனால்தான் பயிற்சியாளர் எரிக் டெய்லரும் மனைவி டேமியும் பேசும்போது ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிடுகிறார்கள், பாதியில் விடுகிறார்கள், சிரித்துவிடுகிறார்கள். பைலட்டில் புது வீடு பார்க்கப் போகிறார்கள். கணவன் மனைவிக்குத் தனித்தனி துணி அலமாரி அறை இருப்பதைக் கண்டு டேமிக்குக் கண் விரிகிறது. எரிக் மனசெல்லாம் ஆட்டத்தில். கதைக்கு ஒரு பயனும் இல்லாத காட்சி. எனக்கு அவர்களைப் பல வருடமாகத் தெரிந்ததுபோல் ஆனது அங்கேதான். கைல் சாண்ட்லருக்கும் கானி பிரிட்டனுக்கும் ஈடாக ஒரு தம்பதியை நான் வேறு எந்தத் தொடரிலும் பார்த்ததில்லை.

முதல் சீசனின் பதினேழாவது எபிசோடில் டேமி தன் பதினைந்து வயது மகள் ஜூலியிடம் காதல், உடல் பற்றிப் பேச உட்காருகிறாள். கண்டிப்பாகத் தொடங்குகிறாள். நடுவில் குரல் உடைகிறது. திட்டுவதா, கட்டிப்பிடிப்பதா என்று அவளுக்கே தெரியவில்லை. மகள் எரிச்சலோடு கேட்டுக்கொண்டிருந்து, மெல்ல அவளும் கலங்குகிறாள். பெண் பிள்ளை இருக்கும் எந்த வீட்டுக்கும் இந்தத் தவிப்பு தெரியும்.

இந்த ஊர்க்காரர்கள் ஜெபம் செய்கிறார்கள், ஞாயிறு சர்ச்சுக்குப் போகிறார்கள், தோற்றால் பயிற்சியாளர் வீட்டு முன்னால் வந்து கோபத்தைக் காட்டுகிறார்கள். தொடர் இவர்களைப் புனிதர்களாகவும் ஆக்கவில்லை, கேலியும் செய்யவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்கிறது. ஒஹாயோ பெற்றோரை எழுதிய அதே பருவத்தில், அதே சேனலில் இப்படி ஒன்றும் வந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்.

குறை இல்லாமல் இல்லை. இரண்டாவது சீசனில் மேட்டின் நண்பன் லாண்ட்ரியை வைத்து ஒரு கொலைக் கதை. அந்த ஊருக்கே பொருந்தாத சரக்கு. எழுத்தாளர் வேலைநிறுத்தத்தால் அந்த சீசன் 15 எபிசோடில் அறுந்துபோனது. பார்க்க ஆள் குறைவு என்பதால் மூன்றாவது சீசனிலிருந்து டைரக்டிவி என்ற செயற்கைக்கோள் டிவி நிறுவனத்தோடு செலவைப் பகிர்ந்துதான் ஐந்து சீசன், 76 எபிசோட் வரை வர முடிந்தது. 2011-ல் சாண்ட்லருக்கு எம்மி கிடைத்தபோது தொடரே முடிந்திருந்தது.

எதிலிருந்து தொடங்கலாம் என்றால், 'ஸ்டுடியோ 60'-ல் பைலட்டையும், ஜான் குட்மன் நீதிபதியாக வரும் நெவாடா எபிசோட்களையும் பாருங்கள், போதும். '30 ராக்'கை ஏழாவதிலிருந்து தொடங்கி, பிடித்தபின் முதலுக்குத் திரும்புங்கள். 'ஹீரோஸ்' முதல் சீசனோடு நிறுத்திக்கொள்ளலாம். 'ஃப்ரைடே நைட் லைட்ஸ்' மட்டும் முதலிலிருந்து, வரிசையாக. அந்தக் கொலைக் கதையைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிடுங்கள். நான்காவது சீசனில் மேட்டின் அப்பா இராக்கில் இறந்த செய்தி வருகிறது. டெய்லர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, அப்பாவைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்ல முயன்று, முடியாமல், அந்தப் பையன் தட்டின் முன்னாலேயே உடைந்து அழுகிறான். எழுந்து வெளியே போகிறான். பின்னாலேயே போகும் பயிற்சியாளர் பெரிய பேச்சு எதுவும் பேசுவதில்லை. இருட்டில் அவனோடு சேர்ந்து அவன் வீடு வரைக்கும் நடக்கிறார்.