கேம்பாய் திரையைப் படிக்க யூனோவா, ப்ளூ பில்லா, பிக்கோவா?

நின்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவியான கேம்பாயின் திரையில் ஓடும் படத்தைப் பிடித்துக் கணினிக்கு அனுப்ப வேண்டும். யூனோ, ப்ளூ பில், பிக்கோ மூன்றுமே அதற்கு முயலக்கூடிய சிறு மைக்ரோகண்ட்ரோலர் பலகைகள். 1989இல் வந்த முதல் கேம்பாயைப் பிரித்தால் தாய்ப்பலகைக்கும் திரைக்கும் நடுவே ஒரு ரிப்பன் கேபிள் ஓடும். அதில் நமக்கு வேண்டியது ஐந்து சிக்னல், அப்புறம் ஒரு கிரவுண்டு. டேட்டாவுக்கு இரண்டு, பிக்சல் கிளாக் (புள்ளிக்கு ஒரு துடிப்பு) ஒன்று, புது வரியையும் புது ஃபிரேமையும் (ஒரு முழுப்படம்) சொல்ல ஒவ்வொன்று. 160×144 புள்ளி, நான்கு சாயல், நொடிக்கு ஏறக்குறைய 60 ஃபிரேம். இவ்வளவுதானே என்று தோன்றும்.

வம்பு கிளாக்கில் இருக்கிறது. வேகம் 4.19 மெகாஹெர்ட்ஸ். அதைவிட மோசம், அந்த வரியில் ஸ்ப்ரைட் (பின்னணிமேல் நகரும் சிறு உருவம்) ஏதாவது இருந்தால் கிளாக் நடுவழியில் நின்று நின்று ஓடும். ஆகவே நாமே நேரம் கணக்கிட்டுப் படிப்பது உதவாது. ஒவ்வொரு துடிப்புக்கும் காத்திருக்க வேண்டும்.

ஆர்டுயினோ யூனோ இங்கேயே விழுந்துவிடுகிறது. 16 மெகாஹெர்ட்ஸில் ஒரு புள்ளிக்கு நான்கு சைக்கிள்கூட (செயலியின் துடிப்பு) கிடைக்காது. பின்னைப் படிக்க ஒன்று, மெமரியில் வைக்க இரண்டு. காத்திருக்க எங்கே நேரம்? கண்ணை மூடிக்கொண்டு படித்தால் ஸ்ப்ரைட் வந்த வரிகள் மட்டும் கோணிக்கொண்டு நிற்கும். மெமரியும் 2 கிலோபைட்தான், ஒரு ஃபிரேமுக்கோ 5,760 பைட் வேண்டும். ஃபிரேமுக்கு ஒரு வரியாகப் பிடித்தால் முழுப்படத்துக்கு 2.4 நொடி. அதற்குள் விளையாட்டே முடிந்துவிடும்.

ப்ளூ பில் (எஸ்டிஎம்32எஃப்103) பரவாயில்லை. 72 மெகாஹெர்ட்ஸ், கிளாக்கை டைமரில் கொடுத்து டிஎம்ஏ (செயலியின் உதவியின்றி டேட்டாவை மெமரிக்கு நகர்த்தும் பகுதி) மூலம் அள்ளலாம். பல பின்கள் 5 வோல்ட்டைத் தாங்கும் என்பது பெரிய வசதி. ஆனால் புள்ளிக்கு ஒரு பைட் என்றால் 23,040 பைட். இருப்பது 20 கிலோபைட். வரிக்கு வரி சுருக்கி அடுக்கியாக வேண்டும். முடியும், பொறுமை வேண்டும்.

என் ஓட்டு பிக்கோவுக்கு. அதிலுள்ள பிஐஓ (பின்களை மட்டும் தனியாகக் கவனிக்கும் குட்டிச் செயலி) இந்த வேலைக்கென்றே செய்ததுபோல இருக்கிறது: கிளாக்குக்குக் காத்திரு, இரண்டு பிட் எடு, திரும்பப் போ. நான்கைந்து வரி நிரல், அவ்வளவுதான். திரையின் ஒரு வரி பத்து 32-பிட் சொற்களில் அடங்கிவிடும். 264 கிலோபைட் மெமரி இருப்பதால் இரண்டு ஃபிரேமைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். நொடிக்கு 344 கிலோபைட்டை யூஎஸ்பியில் கணினிக்கு அனுப்புவதும் சிரமமில்லை.

ஒரு குறை: பிக்கோ 3.3 வோல்ட், கேம்பாய் 5 வோல்ட். நடுவில் ஒரு லெவல் ஷிஃப்டர் (5 வோல்ட் சிக்னலை 3.3 ஆக்கும் சில்லு) போடுங்கள். நேரடியாகச் சொருகியே ஓட்டுபவர்களும் உண்டு. இரண்டாவது பிக்கோ வாங்க மனமிருந்தால் சரி.