உவமைகள் ஏன்? வீட்டுக் கூட்டத்தில் படிக்க மாற்கு 4-ஆ, மத்தேயு 13-ஆ?

இயேசு ஏன் உவமைகளால் பேசினார் என்று படிக்க, பினாங்கில் பட்டர்வொர்த், ஆயர் ஈத்தாம் பக்கத்து வீட்டுக் கூட்டங்களில் ஒரு மணி நேரம்தான் கிடைக்குமென்றால் மாற்கு சுவிசேஷம் 4:1-34 போதும். மூன்று விதை உவமைகள், நடுவே விளக்கு. இடறுமிடம் 12-ஆம் வசனம். அங்கேயே நிறுத்தினால், ஜனங்கள் மனந்திரும்பக் கூடாதென்றே இயேசு மறைத்தார் என்று தோன்றும். 22-ஐயும் 33-ஐயும் சேர்த்தே வாசியுங்கள்: மறைந்திருப்பது வெளியரங்கமாகும், கேட்பவர்களின் திராணிக்குத் தக்கபடியே அவர் பேசினார்.

மத்தேயு 13-இல் பரலோகராஜ்யத்தைப் பற்றி ஏழு உவமைகள். ஒரே அமர்வில் ஓட்டினால் எதுவும் மனதில் நிற்காது. மூன்று வாரமாவது வேண்டும். ஆனால் இயேசு உவமைகளால் பேசிய காரணத்தைத் தெளிவாகச் சொல்வது இதுவே. ஏசாயா 6:9-10 விரிவாக வருகிறது. அதன்படி, கண்களை மூடிக்கொண்டவர்கள் ஜனங்களே. புதியவர்கள் இருந்தால் மாற்கு, வேதம் பழகியவர்களுக்கு மத்தேயு. களைகளின் உவமையை மட்டும் 30-ஆம் வசனத்தோடு விட்டுவிடாதீர்கள், விளக்கம் 36-இல்தான் தொடங்குகிறது.