ஆர்பிட்டரில் எட்டு வருஷம்: பொதிகை என்றொரு கிரகம்

விண்கலம் ஓட்டிப் பார்க்கிற ஆர்பிட்டர் சிமுலேட்டர் என் கணினியில் ஏறி எட்டு வருஷம் ஆகிறது. மார்ட்டின் ஷ்வைகர் 2000-இல் முதலில் வெளியிட்டது. அன்றைக்கும் இலவசம், இன்றைக்கும் இலவசம். 2021-இல் மூலநிரலையும் திறந்துவிட்டார். முதல் இரண்டு வருஷம் எல்லாரையும் போல நிலாவுக்குப் போனேன், மோதினேன், திரும்பவும் போனேன். அப்புறம்தான் சொந்தமாக ஒரு கிரகம் செய்கிற கிறுக்கு பிடித்தது. பாளையங்கோட்டைக்காரன் வேறென்ன பெயர் வைப்பான்? பொதிகை.

கிரகம் என்பது நோட்பேடில் திறக்கிற ஒரு சின்னக் கோப்புதான். நிறை, ஆரம், சுழற்சி, அச்சுச் சாய்வு, காற்று, சுற்றுப்பாதை என்று வரிக்கு ஒரு எண். ஆரம் 5,000 கி.மீ., தரையில் ஈர்ப்பு முடுக்கம் பூமியின் 9.8 மீ/வி²-க்குப் பதில் 8 இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஈர்ப்பை நேராக எழுத அங்கே இடம் கிடையாது. ஆரத்தின் வர்க்கத்தை 8-ஆல் பெருக்கி ஈர்ப்பு மாறிலியால் வகுத்தால் நிறை வரும்: 3-க்குப் பின்னால் 24 சைபர் கிலோ, பூமியில் சரிபாதி. 200 கி.மீ. உயரத்தில் சுற்ற வினாடிக்கு 6.2 கி.மீ. வேகம் போதும், பூமியில் 7.8 வேண்டும். ஆரத்தை மீட்டரில் கொடுக்க வேண்டும் என்பதை மறந்து 5000 என்று அடித்த அன்று, திருநெல்வேலி டவுனும் பாளையங்கோட்டையும் சேர்ந்த அகலத்துக்குள் அத்தனை நிறையும் அடங்கிவிட்டது. பக்கத்தில் போன கப்பல் என்ன ஆனது என்று கேட்காதீர்கள்.

அதைவிடக் கூத்து அச்சுச் சாய்வு. கப்பல் இறங்குகிற தளத்தை நம்ம ஊர் அட்சரேகையிலேயே, வடக்கே 8.7 பாகையில் வைத்தேன். திருநெல்வேலியில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சி வேளையில் நிழல் காலுக்கடியில் ஒளிந்துகொள்ளும். பொதிகையிலும் அதைப் பார்க்கலாமே என்று காலத்தை வேகமாக ஓட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த அக்கா மகன்தான் கேட்டான்: “மாமா, சூரியன் ஏன் அடையவே மாட்டேங்கு?” பார்த்தால், வடக்குத் தொடுவானத்துக்குச் சற்று மேலே சூரியன் சின்னதாக ஒரு வட்டம் போட்டுச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எழவும் இல்லை, விழவும் இல்லை.

சாய்வுக்குப் பூமியைப் போல 23.5 என்று எழுதியிருந்தேன். கோப்பு கேட்பது பாகை இல்லை, ரேடியன்; ஒரு ரேடியன் என்றால் சுமார் 57 பாகை. 23.5 ரேடியனில் மூன்று முழுச் சுற்றைக் கழித்தால் மிச்சம் 266 பாகை. கிரகம் யுரேனஸ் மாதிரி ஒருக்களித்துப் படுத்துவிட்டது. 0.4102 என்று திருத்தியதும் நிமிர்ந்துகொண்டது.

ஆர்பிட்டர் மேல் எனக்குள்ள பெரிய குறை இதுதான். என்ன எண் கொடுத்தாலும் வாய் திறக்காமல் வாங்கிக்கொள்ளும். சிவப்பு எழுத்தில் ஒரு எச்சரிக்கை? கிடையாது. தப்பை வானத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் அப்படிக் கண்டுபிடித்தது மறப்பதும் இல்லை.

காற்றில் மாட்டியதும் அப்படித்தான். தரை அழுத்தம் 101.3 கிலோபாஸ்கல், அடர்த்தி கன மீட்டருக்கு 1.225 கிலோ என்று பூமியின் எண்களையே எடுத்துப் போட்டேன். இறங்கும்போது கப்பல் ஒவ்வொரு தடவையும் தளத்துக்கு எட்டாமல் முன்னாலேயே விழுந்தது. ஈர்ப்பின் பிடிமானம் குறைந்தால் காற்று உப்பும் என்பது எனக்கு உறைக்கவில்லை. அழுத்தத்தை அடர்த்தியாலும் ஈர்ப்பாலும் வகுத்தால் காற்று மெலிகிற உயர அளவு கிடைக்கும்: பூமியில் 8.4 கி.மீ., பொதிகையில் 10.3. பூமியில் 100 கி.மீ.-இல் உரசுகிற காற்று இங்கே 120-ஐத் தாண்டியே உரச ஆரம்பித்துவிடுகிறது.

கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற ராக்கெட் விளையாட்டும் வைத்திருக்கிறேன். அதன் கெர்பின் கிரகத்துக்கு ஆரம் வெறும் 600 கி.மீ., ஈர்ப்பு மட்டும் பூமி அளவு. கணக்குப் பார்த்தால் பூமியைப் போலப் பத்து மடங்குக்கு மேல் அடர்த்தி. விளையாட அது ஜாலி, மறுக்கவில்லை. கிரகம் செய்து பார்க்க எனக்கு ஆர்பிட்டர்தான்.

துணைக்கோளுக்கு அகத்தியர் என்று பெயர். நிலையான நீள்வட்டத்தில் விட்டால் சமர்த்தாகச் சுற்றுகிறார். மற்றவற்றின் ஈர்ப்புக்கும் இழுபடட்டும் என்று விட்டுக் காலத்தை முடுக்கினால் தடம் மாறிப் போகிறார். அதை இன்னும் சரிசெய்யவில்லை. அக்கா மகனுக்கு அதெல்லாம் கவலையில்லை, சனிக்கு இருக்கிற மாதிரி வளையம் வேண்டுமாம். இந்த வாரம் அதற்குத்தான் படம் வரைந்துகொண்டிருக்கிறேன்.