ஹட்டன் பாதையில் கறுப்பு ஸ்டிக்கரோடு இரண்டு வருடம், அது இல்லாமல் இரண்டு வருடம்

வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த 2021ஆம் ஆண்டில், ஒருவர் பாவித்த வேகன் ஆர் கார் ஒன்றைக் கொழும்பில் கூடுதல் விலை கொடுத்து வாங்கி ஹட்டனுக்குக் கொண்டு வந்தேன். முன்கதவுகள் இரண்டிலும் பின்கண்ணாடியிலும் பழைய உரிமையாளர் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். பார்வைக்கு எடுப்பாக இருந்ததால் நானும் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

இந்த வகைக் கார்களின் பின்கதவுக் கண்ணாடிகள் பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வரும்போதே கருமையாக இருக்கும். அது கண்ணாடியோடு கலந்த நிறம், உரிக்க முடியாது. ஆனால் முன்கண்ணாடியும் முன்கதவுக் கண்ணாடிகளும் குறைந்தது 70 சதவீத ஒளியை உள்ளே விட வேண்டும் என்பது அந்த நாட்டு விதி. எனவே முன்கதவு கறுத்திருந்தால் அது இங்கே வந்தபின் ஒட்டப்பட்டது என்பதைப் பொலிஸார் தூரத்திலேயே கண்டுகொள்வார்கள். ஸ்டிக்கர் கடைக்காரர் சொல்லும் கணக்கையும் முழுதாக நம்பக்கூடாது. 50 சதவீத ஒளியை விடும் ஸ்டிக்கரை, 78 சதவீதம் விடும் கண்ணாடியில் ஒட்டினால், உள்ளே வருவது 39 சதவீதந்தான்.

அந்தக் குறைவு கொழும்பில் உறைத்திருக்காது. கினிகத்தேனையைத் தாண்டி மேலே ஏறும்போது, மாலை ஐந்து மணிக்கே மூட்டம் இறங்கிவிடும் நாட்களில்தான் அது புரிந்தது. பின்னால் வருவதைக் காட்டும் பக்கக் கண்ணாடியைப் பார்ப்பதற்கு ஷட்டரை இறக்க வேண்டும். இறக்கினால் சாரல் உள்ளே அடித்துச் சட்டைக் கை நனையும். தோட்டப் பாதையில் எதிரே லொறி வந்து, இடப்பக்கம் ஒதுங்க நேர்ந்தபோது, கான் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் ஒருமுறை சக்கரத்தை அதற்குள் இறக்கியிருக்கிறேன்.

இரவில் மறித்த ஒரு சார்ஜன்டைத்தான் இன்னும் மறக்கவில்லை. டோர்ச்சைக் கண்ணாடியில் வைத்து அடித்தார். ஒளி அவர் முகத்திலேயே திரும்பி விழுந்தது. விரல் மொட்டியால் தட்டினார். நான் ஷட்டரை இறக்கியதும், "உள்ளே எத்தனை பேர் என்று தெரியாமல் நான் எப்படிக் கிட்ட வருவது?" என்று சிங்களத்தில் கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. தண்டச் சீட்டு எழுதாமல், ஒரு வாரத்துக்குள் கழற்றிவிட்டு வந்து காட்டும்படி சொல்லி அனுப்பினார். எழுதியிருந்தால் சாரதி அனுமதிப்பத்திரம் அவர் கைக்குப் போயிருக்கும். 14 நாட்களுக்குள் தண்டப்பணத்தைக் கட்டி அதை மீட்க வேண்டும், தவறினால் தொகை இரட்டிப்பாகும், 28 நாட்களும் கடந்தால் நீதிமன்றம். அன்றிலிருந்து இரவில் யார் மறித்தாலும், இடப்பக்கம் ஒதுக்கி, உள்விளக்கைப் போட்டு, ஷட்டரை முழுதாக இறக்கிவிட்டுத்தான் பத்திரங்களை எடுக்கிறேன். பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

வெயிலைச் சொல்லித்தான் பலரும் ஸ்டிக்கருக்கு வக்காலத்து வாங்குகிறார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. உயரம் ஆயிரம் மீற்றர் கூடினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் குளிராக இருந்தாலும் தோல் கறுப்பது அதனால்தான். ஆனால் அந்தக் கதிரைத் தடுப்பது கறுப்பு நிறம் அல்ல, ஸ்டிக்கரில் சேர்க்கப்படும் வேறு பொருட்கள். ஏறக்குறைய நிறமே இல்லாத ஸ்டிக்கரும் அதைத் தடுக்கும். விலை கூடுதல் என்பதால் நான் அதையும் ஒட்டவில்லை, முழுக்கைச் சட்டையோடு சமாளிக்கிறேன்.

கழற்றும் வேலையில் ஒரு பிழை நடந்தது. முன்கதவுகளில் சூடுகாட்டி உரித்தபோது ஸ்டிக்கர் ஒரே தாளாக வந்தது. பின்கண்ணாடியில் பசை விடாததால் கராஜ் பையன் பிளேட்டால் சுரண்டினான். நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பனியை உருக்கும் மெல்லிய சூட்டுக் கம்பிகளில் இரண்டு அறுந்துவிட்டன. இப்போதும் குளிர்காலை ஆறு மணிக்கு அந்த சுவிட்சைப் போட்டால், கண்ணாடி முழுவதும் தெளிந்த பிறகும் நடுவில் இரண்டு வெள்ளைப் பட்டைகள் மட்டும் கொட்டகலை வரை கூடவே வருகின்றன.