மழைத்தண்ணீர்க் குழாய்க்குப் பெயிண்ட் அடிக்கிறேன் என்று வந்தால், முதலில் பிரைமர் டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள்

வீட்டுக்கு வெளிப்பக்கம் பெயிண்ட் வேலை பேசி முடிக்கும்போது கடைசியாக ஒரு வரி வந்து ஒட்டிக்கொள்ளும்: "மழைத்தண்ணி பைப்பு, கட்டர் எல்லாம் சேர்த்தே அடிச்சுக் குடுத்துடறோம் சார், ரன்னிங் ஃபீட் கணக்கு." அதற்குத் தலையாட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். (கட்டர் என்பது கூரை ஓரத்தில் மழைத்தண்ணீரைப் பிடிக்கும் வாய்க்கால்; ரன்னிங் ஃபீட் என்றால் நீளத்தை மட்டும் அடியில் அளந்து போடும் கணக்கு.) சென்னைக்குத் தெற்கே ஒரு தனி வீட்டில் மே மாதம் அடித்த பெயிண்ட், ஐப்பசி மழையில் தோல் உரிவதுபோல உரிந்து விழுந்தது. அடிக்கத் தேவையே இல்லாத இரண்டு பொருளுக்கு அடித்துக் காசு வாங்கியவர்கள், கட்டாயம் அடிக்க வேண்டிய ஒன்றைத் தொடாமலே போய்விட்டார்கள்.

அந்த வீட்டு மொட்டை மாடியில் ஒரு தகர ஷெட். அதன் ஓரத்தில் தண்ணீர் பிடிக்க 40 அடி ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்புத் தகரம்) கட்டர், போட்டு எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. நான்கு மூலையிலும் 110 மி.மீ. பி.வி.சி. குழாய், ஒவ்வொன்றும் 30 அடி. கொல்லைப்பக்கம் பழைய வார்ப்பிரும்புக் குழாய் ஒன்று. கொட்டேஷனில் எழுதியிருந்தது: பிரைமர் (நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) ஒரு கோட், எனாமல் இரண்டு கோட், சாக்லேட் பிரவுன், அடிக்கு 60 ரூபாய்.

முதல் ஏமாற்று அளவில். கட்டர் 40, குழாய் 120, ஆக 160 அடி. பில் 196 அடிக்கு வந்தது. கேட்டதற்கு, 12 பெண்டு (குழாய் வளைவு) இருக்கிறது, பெண்டுக்கு மூன்றடி என்று கணக்குச் சொன்னார்கள். மேலிருந்து கீழே டேப் பிடித்து அளந்த 30 அடியிலேயே பெண்டும் அடங்கிவிட்டது. அதைத் தனியாகச் சேர்த்தால் ஒரே இடத்துக்கு இரண்டு முறை கூலி. இன்னொன்றும் கவனியுங்கள்: 110 மி.மீ. குழாயில் ஓரடி நீளம் என்பது ஏறக்குறைய 1.1 சதுர அடிதான். சுவருக்குச் சதுர அடிக்கு என்ன ரேட் பேசினீர்களோ அதற்குப் பக்கத்தில் "அடிக்கு 60" என்பதை வைத்துப் பாருங்கள். குழாய் வேலையில் கை அதிகம் வளைய வேண்டும், ஏணியை நகர்த்த வேண்டும், கொஞ்சம் கூடுதலாகக் கேட்பது நியாயம். ஆனால் எத்தனை மடங்கு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பொருளை நீங்களே வாங்கித் தருவதாக இருந்தால் அந்த நான்கு குழாய்க்கும் இரண்டு கோட்டுக்கு மூன்று லிட்டர் தாராளம். பத்து லிட்டர் எழுதிக் கொடுத்தால் மீதி இன்னொரு வீட்டுச் சுவருக்குப் போகிறது.

காசைவிடப் பெரிய நஷ்டம் கட்டரில் நடந்தது. ஜி.ஐ. தகரத்தின் மேல்தோல் இரும்பு கிடையாது, துத்தநாகம். எனாமல் பெயிண்டில் எண்ணெய் சார்ந்த பிசின் இருக்கிறது. ஈரம் பட்டதும் துத்தநாகமும் அந்த எண்ணெய் அமிலமும் சேர்ந்து பெயிண்டுக்கு அடியில் ஒருவகைச் சோப்பாக மாறிவிடும். பிறகு பெயிண்ட் தகரத்தைப் பிடித்துக்கொண்டு இருக்காது, அந்தச் சோப்பின் மேல் சும்மா படுத்திருக்கும். நாலு மழை போதும், கையகலத் துண்டுகளாகக் கழன்றுவிடும். "இரும்புக்கு ரெட் ஆக்ஸைடுதானே சார் பிரைமர், அடிச்சிருக்கோமே" என்றார் மேஸ்திரி. ரெட் ஆக்ஸைடு பிரைமரும் பெரும்பாலும் அதே எண்ணெய்ப் பிசினில் செய்ததுதான். வெறும் இரும்புக்கு நல்ல பொருள், ஜி.ஐ.க்கு அதுவும் சேர்ந்தே உரியும்.

அவர்கள் அதைக்கூட அடிக்கவில்லை என்பதும் தெரிந்தது. உரிந்து விழுந்த ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தால் போதும். ரெட் ஆக்ஸைடு அடித்திருந்தால் பின்பக்கம் காவிச் சிவப்பாக இருக்க வேண்டும். இந்தத் துண்டின் பின்பக்கமும் அதே சாக்லேட் பிரவுன். கண்ணாடித்தாள்போல வழவழப்பு, விரலால் தேய்த்தால் லேசாக வழுக்குகிற மாதிரி ஒரு பிசுக்கு. தகரத்தில் இருந்த பூப்பூவான துத்தநாகப் படிவம் அப்படியே அச்சாக அதில் பதிந்திருந்தது. தேய்க்கவில்லை, கழுவவில்லை, பிரைமர் இல்லை, நேரே எனாமல்.

பி.வி.சி. குழாயில் கதை வேறு. அது மழைக்குக் காத்திருக்கவில்லை, ஆடிக்குள்ளேயே கீறல் விட்டது. குழாயின் மேல்பக்கம் வழுக்கும், பெயிண்டுக்குப் பிடிமானம் கிடையாது. உப்புத்தாள் போட்டு மினுமினுப்பை எடுக்காமல் அடித்தால் நகத்தால் சுரண்டினாலே வந்துவிடும். பையன் ஒருவன் துணியில் என்.சி. தின்னரை (பெயிண்டை இளக்கும் காரமான திரவம்) நனைத்துத் துடைத்திருக்கிறான். அந்தத் தின்னர் பி.வி.சி.யின் மேல்தோலை இளக்கிவிடும், செய்யவே கூடாது. அதற்கு மேல் கரும்பழுப்பு நிறம். பி.வி.சி. வெயிலில் நன்றாக நீளும் பொருள்: பத்தடிக் குழாய் 30 டிகிரி சூடேறினால் சுமார் 6 மி.மீ. நீளும். வெள்ளைக் குழாய் வெயிலைத் திருப்பி அனுப்பும், பிரவுன் குழாய் அத்தனையையும் வாங்கிக்கொள்ளும். பகலில் நீண்டு ராத்திரியில் சுருங்கும்போது காய்ந்த எனாமல் கூடவே இழுபடாது, மூட்டு ஒவ்வொன்றிலும் வளையமாக வெடிக்கும். தெற்குச் சுவர்க் குழாய் இரண்டு கிளாம்புக்கு நடுவில் வெளியே வளைந்தே போயிருந்தது.

பின்பக்க வார்ப்பிரும்புக் குழாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். துரு பொரிந்து சுவரில் காவிக்கறை வழிந்துகொண்டிருந்தது. "கொல்லைப்பக்கம்தானே, யார் பார்க்கப் போறாங்க" என்று விட்டுவிட்டார்கள். அந்த வீட்டில் பெயிண்ட் கேட்டு நின்றது அந்த ஒன்றுதான்.

அதனால் அடிக்கலாமா வேண்டாமா என்பதைக் குழாய் எந்தப் பொருள் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். சுவர் நிறத்துக்குப் பொருந்துகிறதா என்பதெல்லாம் பிறகு. ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் பி.வி.சி., அலுமினியம், அல்லது பழைய வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட். ஒட்டினால் ஜி.ஐ., கலர் ஷீட், வார்ப்பிரும்பு இவற்றில் ஒன்று.

கலர் ஷீட் கட்டர் என்றால் தொடாதீர்கள். ஆலையில் சூடேற்றி ஒட்டிய நிறத்துக்கு இணையாக ஏணியில் நின்று யாரும் அடித்துவிட முடியாது, ஒருமுறை அடித்தால் பிறகு சில வருடத்துக்கு ஒருமுறை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஜி.ஐ. மங்கிச் சாம்பல் நிறமாக இருந்தால் அது நன்றாகவே இருக்கிறது. துத்தநாகம் தன் வேலையைச் செய்கிறது. செந்துரு தெரிந்தால்தான் பெயிண்டைப் பற்றி யோசிக்க வேண்டும். பி.வி.சி.க்கு அழகைத் தவிர ஒரே ஒரு நியாயமான காரணம் உண்டு, நேர் வெயில். வெயிலில் வருடக்கணக்கில் நிற்கும் குழாய் சுண்ணாம்புபோல மாவு விட்டு நொறுங்கும், வெளிர் நிற அக்ரிலிக் பெயிண்ட் (எண்ணெய்ப் பிசின் இல்லாதது) அதைத் தடுக்கும். பழைய வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் குழாய் இருந்தால் உப்புத்தாளோ கம்பி பிரஷ்ஷோ அதில் படவே விடாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

அடிப்பது என்று முடிவானால், எதற்கும் முன் கட்டரில் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றி ஒழுகும் மூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் ஒழுகலை அடைக்காது, மறைக்கும். மூட்டில் சிலிக்கான் போட்டிருந்தால் அதன் மேல் எந்தப் பெயிண்டும் நிற்காது. அதை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, பெயிண்ட் ஏற்கும் பி.யு. (பாலியூரிதேன்) சீலன்ட் போடச் சொல்லுங்கள்.

ஜி.ஐ.யைச் சோப்புத்தண்ணீரில் ஸ்காட்ச்பிரைட் போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசிக் காயவிட வேண்டும். வெள்ளையாகப் பூத்திருந்தால் அதுவும் போக வேண்டும். கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்த்தால் துத்தநாகமே போய்விடும். பிறகு எட்ச் பிரைமர், அதாவது தகரத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் பிரைமர்: இரண்டு டப்பாவில் வரும், கலந்ததை அன்றைக்கே தீர்க்க வேண்டும், தகரம் லேசாகத் தெரிகிற அளவு மெல்லிசாக அடிக்க வேண்டும். தடிமனாக அடித்தால் அதுவே உரியும். இல்லையென்றால் டப்பாவிலேயே ஜி.ஐ.க்கு என்று அச்சிட்ட அக்ரிலிக் பிரைமர். மேல்கோட்டும் அக்ரிலிக்காகவே இருக்கட்டும். கட்டரின் உள்பக்கம் அடிக்க வேண்டாம், அங்கே தண்ணீர் தேங்கும்.

பி.வி.சி.க்கு 220 நம்பர் உப்புத்தாள், ஈரத்துணி, முழுக்க உலர்ந்த பிறகு பிளாஸ்டிக்குக்கான பிரைமர், வெளிர் நிறத்தில் அக்ரிலிக் இரண்டு கோட். கிளாம்பைக் கழற்றி அடிக்கச் சொல்லுங்கள், கழற்றாமல் அடித்தால் முதல் கீறல் அங்கேதான் விழும். வார்ப்பிரும்புக்குக் கம்பி பிரஷ் போட்டுப் பொரிந்த துருவை எடுத்து, அன்றைக்கே ரெட் ஆக்ஸைடு அல்லது ஜிங்க் பாஸ்பேட் பிரைமர், அதன் மேல் எனாமல். எனாமலுக்கு உரிய இடம் இதுதான். பழைய குழாயில் தார்ப்பூச்சு இருந்தால் கறை மேலே கசியும், நடுவில் ஒரு கோட் அலுமினியம் பெயிண்ட் வேண்டும். உச்சி வெயிலில் தொட்டால் சுடுகிற தகரத்தில் பிரஷ் வைக்க விடாதீர்கள், நிழல் எந்தப் பக்கமோ வேலை அந்தப் பக்கம்.

சோதிப்பதற்கு ஒரு வழி: ஒரு வாரம் கழித்து மறைவான இடத்தில் பிளேடால் பெருக்கல் குறி போட்டு, செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டிச் சடக்கென்று இழுங்கள். பி.வி.சி.யில் மோசடி இருந்தால் டேப்போடு வந்துவிடும். ஜி.ஐ.யில் இந்தச் சோதனையை நம்ப முடியாது. நேரே எனாமல் அடித்த தகரம்கூட முதல் வாரத்தில் கெட்டியாகவே பிடித்திருக்கும். அங்கே பிரைமர் டப்பாவைத் திறப்பதை நேரில் பார்ப்பது ஒன்றுதான் வழி. பிரைமரும் மேல்கோட்டும் வேறுவேறு நிறத்தில் இருக்க வேண்டும் என்று கொட்டேஷனிலேயே எழுதி, பிரைமர் கோட்டைக் கண்ணால் பார்த்த பிறகு அடுத்த தவணையைக் கொடுங்கள். ரன்னிங் ஃபீட்டில் பெண்டு தனிக்கணக்கு இல்லை என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

அந்த வீட்டில் முழுப் பணமும் ஜூனிலேயே கைமாறிவிட்டது. ஐப்பசியில் கூப்பிட்டபோது "மழையில உரியறது சகஜம்தான், இன்னொரு கோட் அடிச்சா நின்னுடும், பாதி ரேட் போடுங்க" என்று பதில். சோப்பின் மேல் இன்னொரு கோட் அடித்தால் பாரம் கூடி இன்னும் சீக்கிரம் விழும். பழையதை முழுக்கச் சுரண்டித்தான் ஆக வேண்டும். உங்கள் வீட்டிலும் இப்படி ஆகியிருந்தால், சுரண்டுவதற்கு முன் குழாயின் அடிவாயில் ஒரு சாக்கைக் கட்டிவிடுங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் பல குழாய்கள் ஜல்லியும் மணலும் நிரப்பிய சேகரிப்புக் குழியில்தான் போய் முடிகின்றன. உரிந்த பெயிண்ட் செதில் ஜல்லிக்கும் மணலுக்கும் மேல் தட்டையாகப் படிந்து அடைத்துக்கொள்ளும், தண்ணீர் இறங்காமல் வாசலுக்குத் திரும்பும். ஏற்கெனவே உள்ளே போயிருந்தால் மேல்மணலை அரையடி வாரி எடுத்துவிட்டுப் புது மணல் போடுங்கள்.